பாகல் விதையும் பன்னிரண்டு நாளாக நிறுத்திய மாத்திரையும்

வீரவநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். வயது 57, சுகர் வந்து ஒன்பது வருடம். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கூடவே கிளிமிபிரைடு 2 மி.கி. போன மாதம் பார்த்த மூன்று மாத சராசரி, அதுதான் எச்பிஏ1சி, 8.4. பெங்களூரில் இருக்கும் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினாராம். பாகல் விதையில் இன்சுலின் மாதிரியே ஒரு புரதம் இருக்கிறது, பீன்ஸ், அவரை, காணம் என்கிற கொள்ளு இவற்றிலும் சுகரைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் உண்டு, வேகவைத்தால் செத்துப்போகும், பச்சையாக அரைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அண்ணாச்சி பழுத்த பாகற்காயில் விதை எடுத்து, மாடியில் காயப்போட்டு, மிக்சியில் பொடித்து, தினமும் மோரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்கிறார். இதே சரக்கு டப்பாவிலும் விற்கிறதாம், 3,200 ரூபாய், அதை வாங்கிக் கடையில் வைக்கலாமா என்று ஒரு யோசனை. மகளுக்கு ஐந்தாம் மாதம், சுகர் எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னாராம், அவளுக்கும் கொஞ்சம் பொடி அனுப்பவா என்று கேட்கிறார். "சொன்னால் திட்டுவீர்கள், கிளிமிபிரைடை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகுது, வெறும் வயிற்றில் இன்னைக்கு 212" என்பது கடைசி வரி.

அண்ணாச்சி, திட்டவில்லை. ஒன்பது வருடமாகத் தினமும் மாத்திரை விழுங்குகிறவரிடம் 'இனி வேண்டாம்' என்று ஒருத்தர் சொன்னால் காது அந்தப் பக்கம் போகத்தான் செய்யும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பையில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், நாவல் கொட்டைப் பொடி, சிறியாநங்கை, வாசலில் தொட்டியில் வளர்த்த இன்சுலின் செடி இலை, காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து நாற்காலியை விட்டு எழும்போதுதான் வெளியே எடுப்பார்கள். நீங்கள் எழுதியாவது சொன்னீர்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு அவசரம். மகளுக்கு அந்தப் பொடியை அனுப்பாதீர்கள். பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டீர்கள் என்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பாகல் விதையில் மொமோர்சாரின் என்று சில புரதங்கள் இருக்கின்றன, அவை செல்லுக்குள் புரதம் தயாராகிற வேலையையே நிறுத்தக்கூடியவை, எலிகளில் கருவைக் கலைத்திருக்கின்றன. பாகற்காயைக் கறியாக என்றைக்காவது இரண்டு துண்டு சாப்பிடுவது வேறு, விதையை மட்டும் பிரித்தெடுத்துப் பொடித்துத் தினமும் குடிப்பது வேறு. கர்ப்பத்தில் வரும் சுகருக்கு அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்கிற சாப்பாடும், தேவைப்பட்டால் இன்சுலினும்தான் வழி.

அடுத்தது உங்கள் 212. எச்பிஏ1சி 8.4 என்றாலே இரவு பகல் சேர்த்துச் சராசரி 190-க்கு மேல் ஓடுகிறது என்று அர்த்தம், அது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தபோது. இப்போது ஒரு மாத்திரை இல்லாமல் வெறும் வயிற்றிலேயே 212. இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள், விதைப் பொடி குடித்ததையும் மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மறுபடி எந்த அளவில் தொடங்குவது என்று அவர் சொல்லட்டும். அதற்குள் நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீராகக் குடிக்கத் தோன்றினாலோ, ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போனாலோ, வாந்தி வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அந்த மாத்திரையைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒரு கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, வீடியோ உண்மையா? அடியோடு பொய் என்றால் எனக்கு வேலை சுலபம். பாதிக்கு மேல் உண்மை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

செடிகளில் இன்சுலின் தேடுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1922-ல் மனிதருக்கு முதல் முதலாக இன்சுலின் போட்டார்களே, அந்த மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்த கோலிப் அடுத்த வருடமே செடிகளிலும் இதுபோல ஒன்று இருக்கிறது என்று எழுதி, குளுக்கோகைனின் என்று பெயரும் வைத்துவிட்டார். பிறகு 1981-ல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தானில், புஷ்பா கன்னாவும் அவரோடு இருந்தவர்களும் பாகற்காயிலும் அதன் விதையிலும் இருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள், பாலிபெப்டைடு-பி என்று பெயர், 166 அமினோ அமிலம் கோத்த ஒரு சங்கிலி. சுகர்காரர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கியது. உங்கள் வீடியோக்காரர் இதைத்தான் சொல்கிறார், இதுவரை சரி. அவர் விழுங்கிவிட்ட விஷயம் ஒன்று உண்டு: அதை அவர்கள் வாயால் கொடுக்கவில்லை. தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார்கள்.

ஏன் ஊசி என்பது உங்கள் அடுக்களையிலேயே தெரிந்துவிடும். காய்ச்சின பாலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், அரை நிமிடத்தில் திரிதிரியாகப் பிரிந்து அடியில் கட்டி, மேலே மஞ்சளாகத் தண்ணீர். பாலில் இருந்த புரதம் புளிப்புப் பட்டதும் உருக்குலைந்துபோனது அது. நம் வயிற்றுக்குள் ஊறுகிற அமிலம் எலுமிச்சைக்குக் குறைந்தது இல்லை. அப்படி உருக்குலைந்ததை வயிற்றிலும் குடலிலும் இருக்கிற நொதிகள் கத்தரிக்கோல் மாதிரி துண்டு துண்டாக வெட்டும். 166 கண்ணி கோத்த சங்கிலி உள்ளே போய் இரத்தத்தில் சேரும்போது ஒன்றும் இரண்டுமாக உதிர்ந்த அமினோ அமிலம்தான், அது பாகல் விதையிலிருந்து வந்ததா பருப்பிலிருந்து வந்ததா என்று உடம்புக்குத் தெரியாது. நூறு வருடமாக இன்சுலினை மாத்திரையாக்க முடியாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான், கம்பெனிக்காரன் சதி ஒன்றும் இல்லை. செமாக்ளுடைடு என்று ஒரு மருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் புரதத்தின் குட்டி மாதிரிதான். அதை 2019-ல் மாத்திரையாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு வயிற்றுச் சுவரைத் தாண்ட உதவுவதற்கென்றே ஒரு துணைப்பொருள் சேர்க்க வேண்டியிருந்தது, வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கும் குறைந்த தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காப்பி கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும், இத்தனைக்கும் பிறகு நூற்றில் ஒரு பங்குதான் இரத்தத்துக்குப் போகிறது. கோடி கோடியாகச் செலவழித்தவனுக்கே நூற்றில் ஒன்று. மிக்சியில் பொடித்து மோரில் கலக்கினால்?

தைவானில் பாகல் விதையிலிருந்து 68 அமினோ அமிலம் கொண்ட இன்னொரு புரதத்தை எடுத்திருக்கிறார்கள். இன்சுலின் போய் உட்கார வேண்டிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, எலிகளில் வாயால் கொடுத்தும் கொஞ்சம் பலன் தெரிந்தது. நல்ல வேலை, நானும் ஆசையாகத்தான் படித்தேன். ஆனால் அது எலி. மனிதர்களில் பாகற்காயை வைத்து நடந்த ஆய்வுகளை எல்லாம் 2012-ல் கோக்ரேன் குழு சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, சுகருக்கு மருந்து என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. பிரேசிலில் ஒரு குழு தட்டப்பயறிலும் தம்பட்டங்காய் வகை ஒன்றிலும், விதைத் தோலில், இன்சுலின் போலவே இருக்கும் புரதத்தைக் கண்டதாக எழுதியது, அதை எல்லா விஞ்ஞானிகளும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரத்தத்துக்குள் போக வேண்டிய புரதங்களின் கதை இவ்வளவுதான். விதைகளில் இன்னொரு வகை இருக்கிறது, அது இரத்தத்துக்குப் போகவே வேண்டாம், குடலில் இருந்தபடியே வேலை செய்யும். எனக்கு இதில்தான் சுவாரசியம் அதிகம், உங்களுக்கும் பிடிக்கும், ஏனென்றால் இது உங்கள் கடை மூட்டையில் இருந்து தொடங்குகிறது.

பயறு மூட்டையில் வண்டு விழும் இல்லையா. சிறுபயறிலும் தட்டப்பயறிலும் ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிட்டு, கையை விட்டால் மாவு மாவாக வரும். அந்த வண்டின் புழு பயறுக்குள்ளேயே இருந்து மாவுச்சத்தைத் தின்று வளர்கிறது. மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்க அதற்கு அமைலேஸ் என்ற நொதி வேண்டும். பீன்ஸ் செடி அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது: அந்த நொதியின் வாயில் அடைப்பு மாதிரி போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு புரதத்தை விதைக்குள் சேர்த்து வைக்கிறது. புழு தின்னும், செரிக்காது, வளராது. அதே அமைலேஸ் நம் எச்சிலிலும் கணையத்திலும் இருக்கிறது, பீன்ஸ் புரதம் அதையும் அடைக்கிறது. அப்படியானால் சோற்றோடு அந்தப் புரதத்தையும் சாப்பிட்டால் சோறு மெல்லச் செரிக்கும், சர்க்கரை ஒரேயடியாக ஏறாது, இதுதான் கணக்கு.

அமெரிக்காவில் இந்தக் கணக்கை நம்பி 1980-களின் தொடக்கத்தில் மாத்திரையாக்கி விற்றுத் தள்ளினார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் ரொட்டி தின்னலாம், உடம்பில் ஒட்டாது என்று. 1982-ல் சோதித்துப் பார்த்ததில் ஒட்டத்தான் செய்கிறது என்று தெரிந்தது, அந்த வருடமே அரசு விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது. கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். சில வருடத்தில் வேறு சிலர் அதே புரதத்தை நன்றாகச் சுத்தப்படுத்தி, போதுமான அளவு கொடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது, சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைந்தது. கடையில் விற்றதில் சத்து போதவில்லை, அவ்வளவுதான். ஆக புரதம் பொய்யில்லை, அளவும் சுத்தமும்தான் விஷயம். குடலிலேயே நின்று மாவுச்சத்தைத் தாமதப்படுத்தும் இதே வேலைக்கு அகார்போஸ், வோக்லிபோஸ் என்று மாத்திரைகள் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும். வயிறு உப்பும், காற்றுப் பிரியும், அதனால் பாதிப்பேர் தாங்களாகவே விட்டுவிடுவார்கள், அது வேறு கதை.

இங்கேதான் வீடியோக்காரர் சொன்ன 'பச்சையாக' என்ற வார்த்தைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, வேகவைத்தால் இந்த அடைப்புப் புரதம் பெரும்பாலும் போய்விடும். ஆனால் அதே விதையில் அதோடு லெக்டின் என்று இன்னொரு புரதமும் இருக்கிறது, அது குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு பிறாண்டி எடுத்துவிடும். சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம், வேகாத கொட்டை நாலைந்து போதும் ஆளைப் படுக்கப்போட. வேகவைத்தால்தான் அதுவும் சாகும். பச்சையாகத் தின்றால் விஷம், வேகவைத்தால் மருந்து போச்சு. விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுக்கப் பாடுபடுவது இதனால்தான், மிக்சிக்குப் பிரிக்கத் தெரியாது.

மானூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா, இரண்டு வருடம் முன்னால். இதே மாதிரி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ராஜ்மாவை ராத்திரி ஊறவைத்து, காலையில் பச்சையாக அரைத்து, வடிகட்டிக்கூட இல்லை, ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். சுகர் மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் வாந்தி, நிற்கவில்லை. காலைச் சாப்பாடு உள்ளே தங்கவில்லை, மாத்திரை மட்டும் தங்கிவிட்டது. மகன் பைக்கில் பின்னால் உட்காரவைத்து, துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளங்கை சில்லென்று இருந்தது, கேட்ட கேள்விக்கு வேறு என்னவோ பதில் சொன்னார். சர்க்கரை 54. குளுக்கோஸ் ஏற்றி அரை மணி நேரத்தில் தெளிந்தார், தெளிந்ததும் முதலில் கேட்டது, "அப்போ அது சுகரக் குறைக்கத்தான டாக்டர் செய்யுது?" என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

காணத்தில் ராஜ்மா அளவுக்கு ஆபத்து இல்லை என்றாலும் பச்சையாக அரைத்துக் குடிப்பதற்கு அதுவும் ஆகாது, புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் சரக்கு அதிலும் உண்டு. பாகல் விதையில் விசின் என்று ஒரு பொருள் கூட இருக்கிறது, ஜி6பிடி நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடக் கூடும், அப்படிக் குறைவு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. பொடியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மற்றபடி ஆய்வு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், லூபின் என்ற பயறுதான் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. மருந்துக் கம்பெனி ஞாபகம் வரும், இது செடி, இத்தாலிப் பக்கம் ஊறவைத்து உப்புப் போட்டுத் தின்பார்கள், நம் சுண்டல் மாதிரி. அதிலுள்ள காமா-காங்ளுட்டின் என்ற புரதம் எலிகளிலும், சின்ன அளவில் மனிதர்களிலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைத்திருக்கிறது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லூபினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது அதில் ஒரு சங்கடம். பயறுகள் செரிக்கும்போது உண்டாகும் சில துண்டுகள், டெனிலிக்ளிப்டின், சிட்டாக்ளிப்டின் என்ற சுகர் மாத்திரைகள் தடுக்கிற அதே டிபிபி-4 நொதியை ஆய்வுக்கூடக் குழாயில் தடுக்கின்றன, குழாயில் மட்டும். கனடாவில் ஒரு கம்பெனி வேறு வழியில் போனது, குசும்பா விதைக்குள் மனித இன்சுலினையே விளையவைத்தது, மனிதர்களிடம் சோதிக்கும் வரைக்கும் போனது, 2012-ல் கடையைக் கட்டிவிட்டது. அது விற்பனைக்கு வந்திருந்தாலும் விதையில் இருந்து பிரித்து ஊசியாகத்தான் போட வேண்டும், விதையைத் தின்ன முடியாது.

இப்போது மெட்ஃபார்மின் கதை. ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி, அவரைக் குடும்பம், கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அதில் இருந்த ஒரு பொருள் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் விஷம், அந்தச் செடியை மேய்ந்து ஆடுகள் செத்திருக்கின்றன. அதன் சாயலில் விஷம் குறைந்ததாகச் செய்து பார்த்துக்கொண்டே போய், 1957-ல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் மனிதர்களுக்குக் கொடுத்துப் பலன் சொன்னதுதான் நீங்கள் காலையும் இரவும் போடுகிற மெட்ஃபார்மின். செடி மருந்துதான் வேண்டும் என்றால் ஒன்பது வருடமாக அதைத்தான் சாப்பிட்டு வருகிறீர்கள், அண்ணாச்சி. எத்தனை மில்லிகிராம் என்று தெரிந்து, சிறுநீரகத்துக்கு எப்போது ஆகாது என்று தெரிந்து சாப்பிடுகிறீர்கள், வித்தியாசம் அது ஒன்றுதான்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம் என்ற கேள்வி. பொடியாக இல்லை, வேகவைத்த பயறாக என்றால் தாராளமாகப் பேசலாம். டொரண்டோவில் ஜென்கின்ஸ் என்பவர், உணவுகளுக்குக் கிளைசீமிக் குறியீடு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர், 2012-ல் சுகர்காரர்கள் 121 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தினமும் ஒரு கப் வெந்த பயறு, மறு பாதிக்குக் கோதுமைத் தவிட்டு நார் உணவு என்று மூன்று மாதம் கொடுத்தார். மாத்திரையும் நடந்துகொண்டுதான் இருந்தது. பயறு சாப்பிட்டவர்களுக்கு எச்பிஏ1சி 0.5 குறைந்தது, மற்றவர்களுக்கு 0.3. உங்கள் 8.4-ல் இருந்து 0.5-ஐக் கழித்தால் 7.9. நல்ல லாபம்தான், ஆனால் ஒரு மாத்திரையை விட்ட நஷ்டத்தை அது ஈடுகட்டாது. அந்த 0.5-ம் புரதத்தால் மட்டும் இல்லை, பயறில் இருக்கும் நார், மெதுவாக உடையும் மாவு, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. வெந்தயமும் அப்படித்தான், அதில் வேலை செய்வதில் பெரும் பங்கு கொழகொழவென்று ஊறுகிற நாருக்கு.

ஒரு கப் என்பது வெந்த பிறகு 190 கிராம், உலர்ந்ததாக எடை போட்டால் 70, 80 கிராம் வரும், உங்களிடம் தராசு இருக்கிறது, முதல் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குப் பழகிவிடும். எடுத்த எடுப்பில் அவ்வளவு வேண்டாம், வயிறு உருட்டும், 30 கிராமில் தொடங்கலாம். ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் மசிகிற அளவுக்கு வேகவிடுங்கள். காணம், சிறுபயறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை எதுவானாலும் சரி, மாற்றி மாற்றி. காணம் சூடு என்று வீட்டில் சொல்வார்கள், அன்றைக்கு மோர் கூடக் குடியுங்கள்.

முக்கியமான விஷயம், நீங்கள் மதியம் மூன்று அகப்பைச் சோறும், "அதுக்கு மேல" சுண்டலும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 'மேல'தான் தப்பு. 100 கிராம் காணத்தில் புரதம் சுமார் 22 கிராம் என்றால் மாவுச்சத்து அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. சோற்றுக்கு மேல் வைத்தால் சுகரும் மேலேதான் போகும். ஒரு அகப்பைச் சோறு குறைந்தால்தான் அந்த இடத்துக்குச் சுண்டல் வர வேண்டும். வரிசையையும் மாற்றுங்கள், இலையில் சோறு விழுவதற்கு முன்னால் சுண்டலும் காயும் உள்ளே போகட்டும். நியூயார்க்கில் 2015-ல் 11 பேரை வைத்து இதைப் பார்த்தார்கள், அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாற்றியது, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 11 பேர் என்பது சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லை, நீங்களே பார்த்துவிடலாம்.

நம் ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு வசதி, உளுந்தம்பருப்புச் சோறு. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் தொலி உளுந்து என்று போடுவார்கள், அதைச் சரிக்குச் சரியாகப் போடச் சொல்லுங்கள், எள்ளுத் துவையலோடு அளவாக ஒரு தட்டு. எங்கள் வீட்டில் இப்படித்தான், முதல் தடவை குழைந்து களி மாதிரி ஆகி எல்லாரும் முகத்தைச் சுளித்தோம், இப்போது பழகிவிட்டது. உளுந்தங்களியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், "கருப்பட்டிதான, சீனி இல்லையே" என்று. உளுந்து நல்லது, நல்லெண்ணெய் பரவாயில்லை, கருப்பட்டி சர்க்கரைதான் அண்ணாச்சி. உடன்குடியில் இருந்து வந்தாலும் சர்க்கரைதான். இரத்தத்தில் ஏறுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டாக்டர் கிளிமிபிரைடை மறுபடி தொடங்கச் சொன்னால், அதே நாளில் சோற்றையும் பாதியாக வெட்டாதீர்கள். அந்த மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளிவிடும். சோற்றைக் குறைக்கப்போவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையின் அளவை அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார். வேர்த்து, கை நடுங்கி, பசி பிடுங்கினால் மீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழ் என்றால் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சீனி, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அப்புறம் ஒன்பது வருட சுகர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதும் இந்த வருடம் பார்த்தாயிற்றா? இல்லையென்றால் பயறை ஒரு கப்புக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் புரதக் கணக்கே வேறு.

அந்த 3,200 ரூபாய் டப்பா. படத்தை அனுப்பியிருந்தீர்கள், பெரிதாக்கிப் பார்த்தேன். இருப்பது எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அது உணவுப் பொருளுக்கான உரிமம், ஊறுகாய்க்கும் அதுதான். மருந்து என்று சொல்ல அது போதாது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ல் வந்த சட்டம் தடை செய்கிறது, அதனால்தான் டப்பாவில் 'உதவும்' என்றும் வீடியோவில் 'குணமாகும்' என்றும் இருக்கிறது. இந்த மாதிரிப் பொடி வேலை செய்யவில்லை என்றால் எனக்குக் கவலை இல்லை, ரொம்ப நன்றாக வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால்தான் பயம். மூலிகைப் பொடி என்று விற்றதற்குள் கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்தது எத்தனையோ நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. கடையில் வைக்காதீர்கள். உங்களை நம்பி வாங்குகிறவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும்.

மாத்திரையை என்றைக்காவது விட முடியுமா என்றால், எடை நன்றாகக் குறைந்து, சுகர் வந்து சில வருடமே ஆனவர்களில் சிலர் டாக்டர் கண்காணிப்பில் விட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடம், 8.4 என்ற கணக்குக்கு இப்போதைக்கு 7 பக்கம் கொண்டுவருவதைப் பற்றிப் பேசுவோம்.

கடைக் கணக்கு நோட்டில் பின்னால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டாக்டரைப் பார்த்து மாத்திரை சீரான பிறகு ஒரு நாள் வழக்கம்போல மூன்று அகப்பை, முதல் வாய் வைத்ததில் இருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். இரண்டு நாள் விட்டு, சுண்டலும் காயும் முதலில், பிறகு இரண்டு அகப்பை, அதே இரண்டு மணி நேரம். இப்படி இரண்டையும் மூன்று மூன்று தடவை, ஆறு ஸ்டிரிப்தான் செலவு. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், சாயங்காலம் கடையில் தின்கிற காராச்சேவு உட்பட. பொடிக்காத பாகல் விதை மிச்சம் இருந்தால் கிணற்றடியில் ஊன்றிவிடுங்கள், கறிக்கு ஆகும்.